நுவரெலியாவில் காலையில் என்ஜின் நடுங்குகிறது, வெக்குவம் 14 காட்டுகிறது. என்ஜின் போய்விட்டதா?

கேள்வி இதுதான்: நுவரெலியாவில் ஓடும் 1500 சிசி பெற்றோல் கார், ஓட்டோ கியர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் நடுங்குகிறது. டி போட்டுப் பிரேக்கை மிதித்து நின்றால் என்ஜின் அணையப் பார்க்கிறது. சூடேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பிளக் மாற்றியும் பலனில்லை. கராஜ் பாஸ் (மெக்கானிக்) என்ஜினின் உறிஞ்சலை அளக்கும் வெக்குவம் கேஜ் போட்டுப் பார்த்து, 14 அங்குலம்தான் (பாதரச அளவில்) இருக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்.

பிரிக்க விடாதீர்கள். அந்த 14 கெட்ட எண் இல்லை.

கேஜில் 17 முதல் 22 வரை நல்லது என்று எழுதியிருப்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான மெனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். கொழும்பில் வெளியே 101 கிலோ பாஸ்கல், ஐட்லிங்கில் மெனிஃபோல்டுக்குள் 33 என்று வைத்தால் வித்தியாசம் 68, அதாவது 20 அங்குலம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே வெளியழுத்தமே சுமார் 81. உள்ளே அதே 33 இருந்தால் கேஜ் 14தான் காட்டும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் 16, கண்டியில் 18 காட்டும் என்ஜின், கொழும்பில் 20 காட்டும் அதே என்ஜின்தான். மலையில் கேஜின் எண்ணைவிட முள்ளின் ஆட்டத்தைப் பார்ப்பதுதான் புத்தி. முள் ஒரே சீராகத் துள்ளித் துள்ளி விழுந்தால் வால்வு பக்கம் சந்தேகம். அசையாமல் நின்று, உங்கள் ஊருக்குரிய எண்ணைவிட மூன்று நான்கு அங்குலம் கீழே இருந்தால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பிந்தியிருப்பது. சின்னக் கசிவு கேஜில் தெரியாமலே போகலாம், ஏனென்றால் ஆர்.பி.எம். ஏறாமல் இருக்க என்ஜின் கம்பியூட்டர் காற்று நுழையும் த்ரொட்டில் வழியை அந்தளவுக்கு மூடிவிடும்.

காலையில் மோசம், சூடேறினால் சரி என்பது கசிவின் கைரேகை. குளிரில் மெனிஃபோல்டின் இறப்பர் கெஸ்கட் சுருங்கி விறைத்து நிற்கிறது, இடைவெளி திறக்கிறது. அதோடு முதல் சில நிமிடங்களில் ஒக்சிஜன் சென்சரின் சொல்லைக் கம்பியூட்டர் இன்னும் கேட்கத் தொடங்கியிருக்காது. அளக்காமல் நுழைந்த காற்றுக்கு யாரும் பெற்றோல் கூட்டிக் கொடுப்பதில்லை. சூடேறினால் கெஸ்கட்டும் விரிகிறது, கணக்கும் திருத்தப்படுகிறது. இதனால்தான் வண்டியை கராஜுக்கு ஓட்டிப்போய்க் காட்டினால் ஒன்றும் தெரிவதில்லை. முதல் நாள் மாலையே அங்கே நிறுத்திவிட்டு வாருங்கள். காலையில் உங்கள் முன்னால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஸ்கேனர். போனோடு இணைகிற சின்ன அடாப்டரே போதும், ஆனால் ஜப்பான் சந்தைக்கென்று செய்த சில வண்டிகளில் அது பேசாது, அப்போது கராஜ் ஸ்கேனர்தான். பி 0171 என்ற பிழைக் கோட் பதிவாகியிருந்தால் கலவையில் பெற்றோல் குறைவு என்று பொருள். அது கசிவுதான் என்று அந்தக் கோட் மட்டும் சொல்லாது. ஃபியூவல் ட்ரிம் என்பது கம்பியூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்; அதில் இரண்டையும், குறுகியதையும் நீண்டதையும், கூட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் அளந்து போகும் காற்று நொடிக்கு 2 கிராம், ஓட்டை வழியாக 0.4 கிராம் என்று வைத்தால் ட்ரிம் +20க்குப் போகும். 2500 ஆர்.பி.எம்.மில் அளந்த காற்று 8 கிராம் ஆகிவிடும், ஓட்டை அதே 0.4தான், ட்ரிம் +5. இப்படி ஐட்லிங்கில் கூடி, வேகத்தில் இறங்கினால் கசிவு. வேகத்தில் இன்னும் ஏறினால் கசிவைத் தேடி மெனக்கெட வேண்டாம், பெற்றோல் பம்ப், ஃபில்டர், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார்ஃப்ளோ சென்சர் அழுக்கேறியிருப்பது. உங்கள் வண்டியில் கெஸ்கட் சூட்டில் மூடிக்கொள்வதால், ஒக்சிஜன் சென்சர் வேலைக்கு வந்த முதல் ஓரிரு நிமிடத்தில் எண்ணைப் பிடிக்க வேண்டும்.

ஒன்று கவனம். எயார்ஃப்ளோ இல்லாமல் மெனிஃபோல்ட் அழுத்த சென்சரை வைத்து ஓடும் வண்டிகளில் கதை வேறு. கசிந்த காற்றும் அந்தச் சென்சருக்குத் தெரிந்துவிடுவதால் பெற்றோலும் கூடும். ட்ரிம் அவ்வளவு மாறாது, ஐட்லிங்தான் 1000க்கு மேல் ஏறி நிற்கும் அல்லது ஏறி ஏறி இறங்கும்.

இனி ஓட்டையைத் தேடுவது. கழற்றுவதற்கு முன் பாருங்கள், கேளுங்கள். 60 சென்ரிமீற்றர் இறப்பர் ஹோஸ் ஒன்றின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு பொருத்தின் அருகே கொண்டுபோனால் சீறல் எங்கே என்று சொல்லிவிடும். முதலில் எயார் கிளீனருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவே உள்ள மடிப்புக் குழாய். மேலே பார்த்தால் புதிது போலிருக்கும். கையால் வளைத்து, மடிப்பின் அடிப்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தால் நகம் நுழைகிற அளவு வெடிப்பு வாய் திறக்கும். டி போட்டதும் என்ஜின் ஒரு பக்கம் சாய்கிறது, அந்த இழுப்பில் வெடிப்பு திறக்கிறது. டி போட்டால் அணையப் பார்க்கிறது என்றீர்களே, அதற்கு இதுவும் காரணமாகலாம். மவுன்டிங் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். எயார்ஃப்ளோ உள்ள வண்டியில் டிப்ஸ்டிக் சரியாக அமராததும், ஒயில் மூடியின் இறப்பர் போனதும்கூடக் கசிவுதான்.

பிறகு சின்ன ஹோஸ்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய குறட்டால் மெதுவாக நெரியுங்கள். எதை நெரித்ததும் ஐட்லிங் சீராகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை. பி.சி.வி. ஹோஸை (என்ஜினுக்குள் சேரும் ஆவியை மெனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வின் ஹோஸ்) நெரித்தால் ஆர்.பி.எம். கொஞ்சம் மாறுவது இயல்பு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினால் கடகடக்க வேண்டும்.

மெனிஃபோல்ட் கெஸ்கட்டை நெரிக்க முடியாது. அதற்கு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்த உடனேயே அடியுங்கள்: கசிவு திறந்திருக்கும் நேரமும் அதுதான், எக்சோஸ்ட் சூடேறாத நேரமும் அதுதான். மெல்லிய குழாயைச் செருகி, ஒரு பொருத்துக்கு அரை நொடி, பிறகு மூன்று நொடி பொறுங்கள். ஆர்.பி.எம். ஏறினால் அல்லது நடுக்கம் நின்றால் அந்த இடம். கண்டபடி அடித்தால் ஆவி காற்றோடு எயார் கிளீனருக்குள் போய்ப் பொய்ச் சாட்சி சொல்லும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பயமென்றால் தண்ணீர் ஸ்ப்ரே போதும், ஓட்டை மேல் பட்டதும் சீறல் ஒரு கணம் மாறும். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. இன்ஜெக்டர் பக்கம் நெருப்போடு போவது விளையாட்டில்லை, வேண்டாம். கராஜில் ஸ்மோக் மெஷின் இருந்தால் எல்லாவற்றையும்விட அது மேல், 1 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ரம்பொடை இறக்கத்தில் இறங்குகிறவர் பார்க்க வேண்டியது, மெனிஃபோல்டின் உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர். என்ஜினை நிறுத்தி, மிதி கல்லாகும்வரை நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மிதிக்கும்போது டாஷ்போர்டுக்கு அடியில் சீறல் கேட்டு ஐட்லிங் மாறினாலோ, சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். மெனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் போயிருந்தால் நூல் பின்னிய தடித்த ஹோஸ்தான் போட வேண்டும். தண்ணீர்க் குழாய் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். நடுவில் உள்ள ஒருவழி வால்வின் அம்புக்குறி என்ஜினைப் பார்க்க வேண்டும்.

கெஸ்கட்தான் என்று தெரிந்தால் புதிது போடுங்கள், சிலிக்கோன் பூசி ஒப்பேற்ற வேண்டாம். பிதுங்கிய துண்டு உள்ளே போகும். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக, உங்கள் என்ஜினுக்குரிய டோர்க்கில் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் மெனிஃபோல்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் கசிவு இன்னொரு மூலைக்கு இடம் மாறும். ஐட்லிங் ஸ்க்ரூவைக் கூட்டிச் சமாளிப்பதற்கும் சம்மதிக்காதீர்கள்.

முடிந்ததும் பழைய ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்துவிட்டு, ஏ.சி., லைட் எல்லாம் அணைத்து, என்ஜின் முழுச் சூடு ஏறும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். இரண்டு ட்ரிம்மும் சேர்ந்து 10க்குள் வந்தால் நல்லது. காசைக் கொடுப்பதற்கு முன் வண்டியை இன்னொரு இரவு வெளியே குளிரில் நிறுத்தி, காலையில் டி போட்டுப் பாருங்கள். சூட்டில் சரியாகத் தெரிவது உங்கள் வண்டிக்கு முன்பும் இருந்ததுதானே.