நம்பர் போனது போகட்டும், மறுபடி அடிக்க விடாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் தாத்தா காலத்து 1957 செவர்லே பெல் ஏர் கார் இருக்கிறது. வி-8 இன்ஜின். புகை அதிகமாகிவிட்டதால், அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கமுள்ள சேலம் லேத் பட்டறை ஒன்றில் போரிங்குக்கும் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) பிளாக் ஃபேஸிங்குக்கும் (இன்ஜினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கின் மேல்முகத்தைச் சீவிச் சமமாக்குவது) கொடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன் பிளாக் திரும்பி வந்தபோது, இன்ஜின் நம்பர் இருந்த இடமும் சேர்த்துச் சீவப்பட்டிருந்தது. கேட்டால், பட்டறைக்காரர் "அதே நம்பரைப் பஞ்ச் அடிச்சுத் தர்றேன், யாருக்குத் தெரியப்போகுது" என்கிறார். அப்பாவைப் பற்றி நாலு பேர் முன்னால் தரக்குறைவாகவும் பேசினார். 38,000 ரூபாய் கூலி கொடுத்தால்தான் ஹெட் (பிளாக்கின் மேல் மூடி), கிராங்க் ஷாஃப்ட் முதலிய இன்ஜின் பாகங்களைத் தருவாராம். 22 லட்சத்துக்குக் கேட்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் விலகிவிட்டார். மோசடி வழக்குப் போட்டு அந்தப் பணத்தைப் பட்டறைக்காரரிடம் வாங்க முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதம் ஆறு பக்கம். அவர் உங்கள் அப்பாவைப் பேசிய பேச்சுக்கு அதில் மூன்று பக்கம் போயிருக்கிறது. வருத்தம் புரிகிறது, ஆனால் வழக்குக்கு அது உதவாது. உதவக்கூடிய விஷயம் ஐந்தாம் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கிறது. பிளாக்கை இறக்கிய அன்று நம்பர் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இந்த இடத்துல மட்டும் கட்டர் படாம பார்த்துக்கங்க" என்று குரல் பதிவு போட்டிருக்கிறீர்கள். "சரி கண்ணு, பார்த்துக்கறேன்" என்று அவரும் குரலிலேயே பதில் தந்திருக்கிறார். உங்கள் வழக்கு மொத்தமும் இந்த இரண்டு பதிவுகள்தான். நம்பரைக் காப்பாற்றுவது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்று இவை காட்டுகின்றன. இவை இல்லாவிட்டால், "ஃபேஸிங் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன்" என்று ஒரே வரியில் அவர் தப்பித்துவிடுவார். அந்தப் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இந்தச் சேதம் தவிர்த்திருக்கக் கூடியது என்றே சொல்வார்கள். இந்த இன்ஜினில் நம்பர் பதித்திருக்கும் மேடை வலது பக்க சிலிண்டர் வரிசையின் முன்முனையில், ஹெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக வரும் கேஸ்கெட் அதுவரை வருவதில்லை. கட்டரை அதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்தினால் ஒரு சின்னப் படி நிற்கும், இன்ஜினுக்கு எந்தக் குறையும் வராது. வேலைக்கு வாங்கிய பொருளை நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. பட்டறைக்காரர் அதில் தவறியிருக்கிறார்.

அவர் சாமான்களைப் பிடித்து வைத்திருப்பதும் நிற்காது. கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை, ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்தவருக்குத்தான் உண்டு. 170-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

22 லட்சத்தை மறந்துவிடுங்கள். அந்த விற்பனையைப் பற்றி அவரிடம் நீங்கள் சொல்லவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் போடும்போது இரண்டு பக்கமும் அறிந்திருந்த இழப்புக்கும், இயல்பாக வரக்கூடிய இழப்புக்கும்தான் 73-வது பிரிவு ஈடு தரும். அவர் அறியாத ஒரு பேரத்தின் முழு விலையை அவர் தலையில் கட்ட எந்த நீதிமன்றமும் சம்மதிக்காது. காரும் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. மோசடி வழக்கும் நிற்காது. அதற்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இது கவனக்குறைவு, அவ்வளவுதான்.

இனி, உங்களைப் பற்றி எனக்கு இருக்கும் பயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி விவகாரங்களில் என்னிடம் வழக்குக் கொடுப்பவர்கள் விழுவதை நான் பார்த்திருப்பது இந்த இடத்தில்தான். கடிதத்தின் கடைசியில், "வழக்கு நடக்கும்போதே நம்பரை அடித்து வைத்துக்கொள்ளலாமா, அதே நம்பர்தானே, ஆர்.சி.யில் இருப்பதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் அடித்தாலும் சரி, நீங்கள் வேறு ஆளை வைத்து அடித்தாலும் சரி, அந்த நிமிடத்திலிருந்து குற்றம் சாட்டப்படக் கூடியவர் நீங்கள்.

அடித்தது தெரியாது என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் அந்த மேடையை ப்ரோச் என்ற எந்திரத்தால் சீவியபோது, முன்னிருந்து பின்னாக நேர்க்கோடுகள் மெல்லிய கீறலாக விழுந்திருக்கும். அசல் எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் பதிந்திருக்கும். உங்கள் பட்டறை மில்லிங்கில் (சுழலும் கட்டரால் சீவுவது) விழுந்திருப்பது வளைந்த கோடுகள். வளைந்த கோட்டின் மேல் எழுத்து இருந்தால், எழுத்து பிறகு வந்தது என்று லென்ஸ் வைத்துப் பார்க்கும் எவரும் சொல்லிவிடுவார். தொழிற்சாலை முத்திரையில் எழுத்துகள் ஒரு சட்டத்தில் கோத்து அடித்ததுபோல் வரிசையாக நிற்கும். கையால் ஒவ்வொன்றாக அடித்த பஞ்சில் ஒன்று ஆழமாக விழும், அடுத்தது சாயும். சந்தேகம் வந்தால் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்பி, அமிலம் தடவிப் பார்ப்பார்கள்.

இப்படி அடித்த ஒரு மோட்டார் சைக்கிளோடு ஒருவர் என்னிடம் வந்தார். நேர்மையான மனிதர். உடைந்த கிராங்க் கேஸை வெல்டிங் வைத்தபோது போன நம்பரை, ஆர்.சி.யைப் பார்த்து அதே எழுத்தில் அடித்திருந்தார். பெயர் மாற்றத்துக்குப் போனபோது ஆய்வாளர் பென்சில் பிரிண்ட் (நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி) எடுத்தார், பழைய கோப்பில் இருந்த பிரிண்ட்டோடு ஒட்டவில்லை. வண்டி காவல் நிலையத்துக்குப் போனது. அது திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நடைமுறையில் அவர் மேலேயே விழுந்தது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னதைக் காட்டி இடைக்காலமாக வண்டியை வாங்கிக் கொடுத்தேன். வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. நம்பர் இல்லாமலே வந்திருந்தால் ஒரு விளக்கக் கடிதத்தோடு முடித்திருப்பேன்.

அழிந்த நம்பரை ஒரு விபத்து என்று விளக்க முடியும். அனுமதி இல்லாமல் அடித்த நம்பரை அப்படி விளக்க முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியின்றி மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மில்லிங்கில் நம்பர் போனது இந்தச் சட்டம் சொல்லும் 'மாற்றம்' ஆகுமா என்று வாதாடலாம், எனக்கு அதில் நம்பிக்கையும் உண்டு. ஆனால் அந்த வாதத்தை, நீங்களே முதலில் போய்ச் சொன்னவர் என்ற நிலையில் நின்று நான் செய்ய வேண்டும். பிடிபட்டவர் என்ற நிலையில் நின்று செய்ய முடியாது. ஆகவே ஆர்.டி.ஓ.வுக்கு உடனே எழுதுங்கள். எந்த நம்பர் எங்கே இருந்தது, எப்படிப் போனது என்று எழுதி, ஆய்வு செய்து உத்தரவிடக் கேளுங்கள். உத்தரவு வந்த பிறகு, அவர்கள் சொல்லும் முறையில் மட்டும் அடிக்கலாம். ஆர்.சி.யில் இருப்பது இந்த மேடையின் நம்பர்தானா என்பதையும் முதலில் பாருங்கள். பிளாக்கின் பின்புறம், கியர் பாக்ஸ் பக்கம், வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்ணும் வார்ப்புத் தேதியும் இருக்கும். ஃபேஸிங் அவற்றைத் தொடாது. அவற்றைப் படம் எடுத்து மனுவோடு சேருங்கள்.

காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். நீங்கள் மோசடி என்று புகார் கொடுத்தால், அவர்கள் முதலில் பார்க்கப்போவது நம்பர் இல்லாத இன்ஜினைத்தான். அதைக் கைப்பற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுத்தவர் வண்டியே வெட்டவெளியில் மழையில் நனைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

விண்டேஜ் பதிவு (பழங்கால வண்டிகளுக்கான தனிப் பதிவு) எடுக்க நினைத்திருந்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2021 விதிகளின்படி 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அது. மாநிலக் குழு நேரில் பார்க்கும். நம்பர் போனதை மறைக்காமல் சொன்னால் வாதிட இடம் இருக்கிறது. போலி எழுத்து தெரிந்தால் கோப்பு அங்கேயே மூடப்படும். பின்னால் விற்கும்போதும் இதைச் சொல்லியே விற்க வேண்டும். மறைத்து விற்றால், இன்று அவர் மேல் போட நினைக்கும் அதே மோசடிப் பிரிவு நாளை உங்கள் மேல் வரும்.

அதனால் சமாதானமாகப் போங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் ஜெயிக்கலாம், ஆனால் கிடைக்கப்போவது கூலியும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், செலவும்தான். அவரிடம் இருந்து உங்களுக்குப் பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது ஒரு காகிதம். இன்ன தேதியில், இன்ன வண்டியின் பிளாக்கை ஃபேஸிங் செய்தபோது, இன்ன நம்பர் என் பட்டறையில் தவறுதலாக அழிந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆர்.டி.ஓ., மாநிலக் குழு, அடுத்து வாங்குபவர், எல்லோர் முன்னாலும் உங்களைக் காப்பது அதுதான். காவல் புகாரோடு போனால் எந்த மனிதனும் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டான். உங்கள் அப்பாவுக்கும் அவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் இருந்தால் அவரை நடுவில் வையுங்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவு: அந்தக் கடிதம், சாமான் அனைத்தும் திரும்ப, கூலி ரத்து, அதற்கு மேல் ஒரு நியாயமான தொகை. தொகையில் இறங்கி வரலாம். கடிதத்தில் இறங்கி வராதீர்கள். "வேலை திருப்தி, எந்தக் குறையும் இல்லை" என்று ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள், போட வேண்டாம். கடிதம் கைக்கு வருவதற்கு முன் பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கவும் வேண்டாம். நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு காலக்கெடு, 8 மாதம் போய்விட்டது. பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. ஒரு மாதத்துக்குள் கடிதம் வராவிட்டால், அந்த இரண்டு குரல் பதிவுகளோடு வழக்கறிஞர் நோட்டீஸ் போகட்டும்.