வீட்டிலிருந்து செய்த வேலைக்குச் சேமலாப நிதி கிடையாதா?

கேள்வி: தலவாக்கலையில் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு 26 மாதம் வேலை செய்தேன். கம்பனி கொடுத்த லெப்டொப், மாதம் 40,000 ரூபா. காலை 8.30க்கு லொகின் பண்ண வேண்டும், சிக்னல் போனால் அரைநாள் சம்பளம் வெட்டு. ஊழியர் சேமலாப நிதி (EPF) கேட்டதற்கு, "நீங்கள் ஊழியர் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்றார்கள். போன மாதம் "இனி வேண்டாம்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். கம்பனியில் 22 பேர். "வீட்டில் உட்கார்ந்து செய்ததெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார் அப்பா. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஒப்பந்தத்தில் உங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதோடு சட்டம் நின்றுவிடாது. நேரம் குறித்தது யார், கருவி யாருடையது, மேற்பார்வை யார் செய்தார்கள் என்றும் பார்க்கும். சிக்னல் போனதற்கு அரைநாள் வெட்டியது, தோட்டத்தில் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது மாதிரிதானே? சுயாதீன ஒப்பந்தக்காரருக்கு யாரும் அரைப் பேர் போடுவதில்லை. அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று விளங்கும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8%, முதலாளி பங்கு 12%. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி இன்னும் 3% கட்ட வேண்டும். மூன்றும் சேர்த்து உங்கள் சம்பளத்துக்கு மாதம் 9,200 ரூபா, 26 மாதத்துக்கு 2,39,200. அந்த 8% ஐ அப்போதே பிடிக்காமல் விட்டது அவர்கள் தவறு, இப்போது உங்களிடம் கேட்க முடியாது. தொழில் திணைக்கள அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பணிக்கொடைக்கு (வேலை விட்டுப் போகும்போது தரும் தொகை) 5 வருடம் வேண்டும், அதை விடுங்கள்.

வேலைநீக்கம் தனி விஷயம். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஊழியர் 15 பேர் இல்லை என்று காட்ட, மற்ற 21 பேரும் ஒப்பந்தக்காரர்கள்தான் என்று கம்பனி சொல்லப் பார்க்கும். அதனால் வேலை வட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்குமுன் பெயர்கள், உத்தரவுகள், திகதிகள் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி அவை சாட்சியமாகும். வங்கிக் கூற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் நியாயசபைக்கு (வேலைத் தகராறுகளை விசாரிக்கும் மன்றம்) போவதானால் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

லெப்டொப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். "எல்லாக் கொடுப்பனவும் பெற்றுக்கொண்டேன்" என்று ஏதாவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.