செண்பகம் போய்விட்டதா, அல்லது நமக்குக் கேட்கவில்லையா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில், கல்முனைக்குப் போகும் பிரதான வீதியோரம் எங்கள் வீடு. முன்பெல்லாம் காலையில் செண்பகம் கூவும்; இப்போது கேட்பதேயில்லை. ஆனால் கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று விடியப்புறம் நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. வேலியோரம் மரம் நட்டால் பழையபடி ஆகுமா?

பதில்: அது குண்டுக்கரிச்சானாக இருக்க வேண்டும். விடியுமுன் பாடுவது அதன் வழக்கம்தான். தெருவிளக்கு வளவுக்குள் விழுந்தால் இன்னும் முந்திக்கொள்ளும். இரைச்சலுக்கும் பங்கு இருக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பகலில் இரைச்சல் கூடிய இடங்களில்தான் ராபின் குருவிகள் இரவில் பாடுகின்றன என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது.

செண்பகத்தின் கதை வேறு. வாகன இரைச்சலில் பெரும்பகுதி 2 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே, அடிச்சுருதியில் கிடக்கும் உறுமல். செண்பகத்தின் 'ஊப் ஊப்'பும் அதே அடிச்சுருதியில்தான் விழுகிறது; அதனால் இரைச்சலுக்குள் அமுங்கிவிடுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக்குருவிகள் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சுருதியை ஏற்றிப் பாடுவதை 2003இல் பதிவு செய்தார்கள். அடிக்குரலில் கூவும் பறவை எவ்வளவுதான் ஏற்றும்?

அதனால் செண்பகம் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். லொறிகள் குறைந்த ஒரு ஞாயிறு, ஐந்தரை மணிக்குப் பின்வளவில் நின்று கேட்டுப் பாருங்கள். (வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போனவர்களும் அமைதியான நிலா இரவில்தானே துடுப்பைத் தண்ணீரில் இறக்கிக் காதை வைத்தார்கள்!)

சரி, மரம்? ஒற்றை வரிசை வேலி சத்தத்தை அனேகமாக மறிக்காது. இடைவெளியில்லாத மதில் மறிக்கும். ஆனால் லொறியின் உறுமல் மதிலுக்கு மேலால் வளைந்து வந்துவிடும். உங்களிடம் இருக்கும் நல்ல மதில் உங்கள் வீடேதான். அதற்குப் பின்னால், வீதிக்கு மறைவான பக்கம், பற்றையை வளர விடுங்கள். துப்புரவு என்று சொல்லி வெட்டி எரிக்காதீர்கள். செண்பகம் இரை தேடுவதே அதற்குள்தான்.

தண்ணீர் மோட்டரைக் காலை ஐந்திலிருந்து ஏழு மணிவரை போடாமல் விட்டால் பெரிய உதவி. ஜெனரேட்டர் இருந்தால் பற்றையிலிருந்து தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபெல் இறங்கும். வெளி விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தை நிலத்துக்குத் திருப்பினால், அந்த நாலு மணிக் கச்சேரி கொஞ்சம் பிந்தவும் கூடும்.