25-க்குப் பக்கத்தில் ஏன் ஓர் எழுத்து?

அம்மா, பிளஸ் டூ முடித்த மகனை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க, சனிக்கிழமை நீங்கள் கொரட்டூரிலிருந்து அவனோடு வந்தபோது பாதி நேரம் உங்கள் அண்ணன்தான் போனில் பேசினார். கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, பணத்துக்கு ஆவடி மனையை அடமானம் வைக்கலாம் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னது என் தப்பு. மனையில் கை வைக்காதீர்கள்.

உங்கள் மகன், தம்பி, கோடிங் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேஜையில் கிடந்த மெஷின் பாக டிராயிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு புஷ், அதாவது நடுவில் துளை உள்ள உருளை; அந்தத் துளைக்குள் ஓடும் தண்டாக ஒரு பின். "மத்த அளவெல்லாம் வெறும் நம்பர். இந்த 25-க்கு மட்டும் பக்கத்துல ஏன் சார் ஹெச்7?" என்றான்.

எத்தனையோ டிகிரிக்காரர்கள் கேட்காமல் தாண்டிப் போகிற கேள்வி இது. அளவு 25 மில்லிமீட்டர் என்றால் அச்சு அசலாக 25 எந்த மெஷினிலும் வராது. எவ்வளவு தப்பலாம் என்று சொல்வதுதான் டாலரன்ஸ். பெரிய எழுத்து துளைக்கு: ஹெச்7 (H7) என்றால் 25.000 முதல் 25.021 வரை. சின்ன எழுத்து தண்டுக்கு: ஜி6 (g6) என்றால் 24.980 முதல் 24.993 வரை. எந்தப் பின்னை எந்தப் புஷ்ஷில் போட்டாலும் குறைந்தது 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி. இறுகாது, ஆடாது. 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் அளவுகோலை வைத்து இதைப் பிடிக்க முடியாது. துளைக்கு கோ, நோ-கோ கேஜ் (ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது), தண்டுக்கு மைக்ரோமீட்டர். வெறும் நம்பராக இருக்கும் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு டிராயிங்கின் மூலைக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஐஎஸ்ஓ 2768-எம் என்று, தனியாக டாலரன்ஸ் போடாத அளவுகளுக்கான பொது விதி இருந்தால் 0.3 மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். அது தெரியாதவன் அதையும் கிரைண்டிங்குக்கு அனுப்பி முதலாளி காசைக் கரைப்பான். தெரிந்தவனைத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தேடுகிறார்கள்.

இதைக் கையால் கற்றுக்கொள்ள அரசு ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை மேக்கர் (கருவி, அச்சு செய்யும் வேலை) அல்லது மெக்கானிக்கல் டிராஃப்ட்ஸ்மேன் (டிராயிங் போடும் வேலை), இரண்டு வருஷம். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அப்புறம் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸ். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், அங்கிருந்து பி.இ.க்கும் வழி இருக்கிறது.

"பிளஸ் டூ முடிச்சவன் ஐ.டி.ஐ.யா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், வட்டி கட்டப்போவது அவர்கள் இல்லை. தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் தலையில் கடன் இருக்காது.

அடுத்த தடவை தம்பி மட்டும் வரட்டும், அந்த டிராயிங்கை எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.