மிகக் கடுங்குளிரில் திண்மம், திரவம், வாயு தவிர வேறு நிலைகள் பொருளுக்கு உண்டா?

உண்டு, பல உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஹீலியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எதையும் குளிர்வித்துக்கொண்டே போனால் கடைசியில் உறைந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஹீலியம் அதற்கு மசியாது. 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், திரவமாகும். (இருக்கவே முடிகிற கடைசிக் குளிரைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அளவுதான் கெல்வின்.) 1908-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் இதை முதலில் செய்துகாட்டினார். அதற்கும் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் சாதாரண அழுத்தத்தில் அது திரவமாகவே இருக்கும். கட்டியாக்க வேண்டுமென்றால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு கொடுத்து நெருக்க வேண்டும். குளிர் முற்றினால் அணுக்கள் அசையாமல் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அணு அளவிலான உலகை ஆளும் குவாண்டம் விதிப்படி ஒரு சிறு அசைவு எப்போதும் மிச்சமிருக்கும். ஹீலியம் அணுக்கள் லேசானவை, அவற்றுக்கிடையே ஈர்ப்பும் குறைவு. அந்த மிச்ச அசைவே அவற்றை ஓரிடத்தில் உட்காரவிடாமல் செய்துவிடுகிறது.

கொதிக்கும் திரவ ஹீலியத்தை ஒரு காணொளியில் பார்த்தபோது நான் பிரமித்துப்போனேன். 2.17 கெல்வினைத் தொட்டதும் குமிழிகள் சட்டென்று நின்று, திரவம் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடுகிறது. வெப்பம் அதற்குள் அவ்வளவு வேகமாகப் பரவுவதால், எந்த ஓர் இடமும் தனியாகச் சூடேறிக் குமிழி விட முடிவதில்லை. மேற்பரப்பிலிருந்து மட்டுமே ஆவியாகிறது. இதுதான் மீப்பாய்ம நிலை. மிக நுண்ணிய இடுக்குகளிலும் தடையே இல்லாமல் பாயும். கிண்ணத்தில் எடுத்துத் தூக்கிப் பிடித்தால், மெல்லிய படலமாகச் சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, அடியில் வந்து சொட்டும். விட்டால் கிண்ணமே காலியாகிவிடும்! 1938-இல் மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் இருவரும் இந்தத் தடையற்ற ஓட்டத்தைத் தனித்தனியே அறிவித்தார்கள்.

சரி, அடுத்தது போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள். 1924-இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஒளித்துகள்களை எண்ணுவதற்கு ஒரு புது முறையை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டதோடு, அணுக்களுக்கும் பொருத்திப் பார்த்தார். போதுமான அளவு குளிர்ந்தால் ஏராளமான அணுக்கள் ஒரே குவாண்டம் நிலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கு சொன்னது. ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் அலை உண்டு. குளிரக் குளிர அது நீளும். பக்கத்து அணுவின் அலையோடு கலக்குமளவு நீண்டுவிட்டால் இந்த அணு, அந்த அணு என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அப்படி ஒன்றாகிப்போன அணுக்கூட்டம்தான் செறிபொருள்.

இதைக் கண்ணால் காண 1995 வரை ஆனது. அமெரிக்காவின் கொலராடோவில் கார்னல், வீமன் என்ற இயற்பியலாளர்கள் ருபிடியம் அணுக்களை லேசரால் குளிர்வித்தார்கள். அப்புறம், சூடான திரவம் ஆவி விட்டு ஆறுவது போல, வேகமான அணுக்களை மட்டும் வெளியேறவிட்டு, ஒரு கெல்வினின் கோடியில் சில பங்குக்குக் கொண்டுபோனார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கெட்டர்லேயின் குழு 1997-இல் வெளியிட்ட சோதனையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டு சோடியம் செறிபொருள்களை விரியவிட்டு ஒன்றன்மேல் ஒன்று படரச் செய்தார்கள். கலந்த இடத்தில் வரிவரியாகப் பட்டைகள் விழுந்தன: அணுக்கள் நிறைந்த பட்டை, அடுத்து அணுக்களே இல்லாத பட்டை. ஒளியும் ஒளியும் சேர்ந்து இருட்டு உண்டாவது போல, அணுக்கூட்டமும் அணுக்கூட்டமும் சேர்ந்த இடத்தில் வெறுமை.