ஏ-வுக்கும் எம்-முக்கும் நடுவுல

கேள்வி: சார், அண்ணன் அமெரிக்காவுலேர்ந்து ஒரு டப்பா சில்லறை கொண்டுவந்தாரு, 'வைட் ஏஎம்' சென்ட்டுக்கு நல்ல விலைன்னு கேள்விப்பட்டு எல்லாத்தையும் கொட்டி பாத்துட்டிருக்கேன், 1990 சென்ட் ஒண்ணுல ஏ-வும் எம்-மும் நல்லா தள்ளி நிக்குது. அடிச்சதா யோகம்?

பதில்: இல்லீங்க. 1990-ல அது அப்படித்தான் இருக்கணும். முதல்ல வருஷத்த பாருங்க, அப்புறம்தான் இடைவெளி. லிங்கன் மெமோரியல் கட்டடம் இருக்கற பக்கத்துல அமெரிக்காங்கற பேரோட முதல் ரெண்டு எழுத்துதான் இந்த ஏ, எம். 1989-லேர்ந்து 1992 வரைக்கும் புழக்கத்துக்கு வந்த காசுல ரெண்டும் தள்ளித்தான் இருக்கும், 1993-லேர்ந்து அச்ச மாத்தி நெருக்கிட்டாங்க, ஆனா சேகரிக்கிறவங்களுக்குன்னு பளபளன்னு அடிக்கற ப்ரூஃப் காசுக்கு மட்டும் 1994-லேர்ந்து தள்ளி இருக்கற அச்சே திரும்ப வந்துச்சு. 1998, 1999, 2000 மூணு வருஷத்துலயும் அந்த ப்ரூஃப் டிசைன் அச்சு சிலது சாதாரண காசு அடிக்கற பக்கம் போயிடுச்சு. அப்படி வந்ததுதான் நீங்க தேடற வைட் ஏஎம். மூணுல 1999 கிடைக்கறதுதான் ரொம்ப கஷ்டம், 2000 கொஞ்சம் சுலபம்.

1992-க்கு கதையே உல்டா. அதுல தள்ளி இருந்தா சாதாரணம், ஒட்டி இருந்தாதான் விசேஷம், அடுத்த வருஷ அச்சு முன்னாடியே உள்ள வந்துட்ட கேஸ், இதுவரைக்கும் ரொம்ப கொஞ்சம்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால 1992-ஐ மட்டும் ஒண்ணு விடாம பாருங்க, வருஷத்துக்கு கீழ 'டி' (டென்வர் ஆலையில அடிச்சதுங்கற அடையாளம்) இருந்தாலும் இல்லாட்டியும்.

பாக்கறப்போ எழுத்தோட தலைய பாக்காதீங்க, ஏ மேல கூம்பிட்டு போறதால அங்க எப்பவும் இடம் தெரியும், பாதிப்பேர் ஏமாறறது இங்கதான். காலடிய பாருங்க. நெருக்கமான அச்சுல ஏ-வோட வலது காலும் எம்-மோட இடது காலும் கிட்டத்தட்ட ஒட்டிட்டு நிக்கும், தள்ளினதுல நடுவுல வெறும் தரை தெளிவா தெரியும். 10 மடங்கு லென்ஸ் போதும், விளக்க பக்கவாட்டுல வெச்சு காச லேசா சாய்ச்சு பாருங்க.

காசு தேஞ்சிருந்தா இடைவெளிய மட்டும் நம்பாதீங்க. கட்டடத்துக்கு வலது பக்கம் அடியில பொடியா எஃப், ஜி-ன்னு இருக்கும், டிசைன் பண்ண ஃபிராங்க் காஸ்பரோவோட இனிஷியல். வைட் காசுல அது கட்டடத்த ஒட்டி நிக்கும், க்ளோஸ், அதாவது ஏ-வும் எம்-மும் நெருக்கமா இருக்கற காசுல தள்ளிப் போயிருக்கும். ரெண்டு அடையாளமும் ஒத்துப்போகலன்னா திரும்ப பாருங்க, கண்ணுதான் ஏமாத்துது.

கேள்வி: அழுக்கா இருக்கே, டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சிடவா?

பதில்: ஐயோ வேணாம். 1982 பாதியிலேர்ந்தே சென்ட் உள்ள துத்தநாகம், மேல செம்பு சும்மா ஒரு மெல்லிசு பூச்சுதான். தேய்ச்சா அதுதான் முதல்ல போகும், வைட் ஏஎம்மாவே இருந்தாலும் விலை நல்லா விழுந்துடும்.