டீசல் மட்டும்தான் செலவா? ஒரு பழைய சிப்பரும் மூன்று நகை அடகும்

கேள்வி: எனக்கு வயது 39. பொள்ளாச்சி பக்கம் கிராமம். சொந்தமாக டிராக்டர் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மரக்கிளை, தென்னை மட்டை அரைக்கும் சிப்பர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 2,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். தோப்புகளிலும் லேஅவுட்களிலும் கிளை வெட்டி அங்கேயே அரைத்துக் கொடுக்கிறேன். மணிக்கு 1,500 ரூபாய். மாதம் 15 நாள், நாளுக்கு 4 மணி நேரம் ஓடும். டீசலும் இரண்டு ஆள் கூலியும் போக மாதம் 36,000 நிற்கிறது. ஆனாலும் 14 மாதத்தில் மூன்று தடவை மனைவியின் நகையை அடகு வைத்துவிட்டேன். பேரிங், ஷாஃப்ட் போனதற்கு 38,000, பெல்ட்டுக்கும் கத்திக்கும் 22,000, கியர் பாக்ஸ் பல் உடைந்ததற்கு 45,000. ஒன்றரை வட்டி. அக்கா வீட்டு மாமா மாதம் இரண்டு ஞாயிறு மெஷினைத் தன் தோப்புக்கு எடுத்துப் போவார், டீசல் அவரே போட்டுக்கொள்வார். டீலர் ஒருவர் பழையதைக் கொடுத்துவிட்டு 7,50,000 ரூபாய்க்குப் புதியது எடுக்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் சிறிய கம்பெனிப் பங்குகளில் முதலீடு செய்யும் ஸ்மால்கேப் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போட்டு மெஷினுக்கு என்று சேர்க்கச் சொல்கிறார். எதைச் செய்யட்டும்? வேப்பங்கிளை அரைத்த தூளின் போட்டோவும், உடைந்த பல்லின் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை 'நிற்கிறது' என்பதுதான். மாதம் 36,000 நிற்பதாக நினைக்கிறீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பணமே இல்லை, அது மெஷினின் பணம். அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடுகிறீர்கள். பிறகு மெஷின் தன் பங்கைக் கேட்கும்போது மனைவியின் நகையைக் கொடுக்கிறீர்கள். டீசலும் கூலியும் மட்டும்தான் செலவு என்ற இந்தக் கணக்கை மாற்றாவிட்டால், புது மெஷின் எடுத்தாலும் இதே கதைதான்.

முதலில் அந்த இரண்டு போட்டோக்களைப் பார்ப்போம். தென்னை மட்டை நார் நாராக வருவது இயல்பு, அதில் கத்தியின் கூர்மையைக் கண்டுபிடிக்க முடியாது. வேப்பங்கிளை அப்படி வரக் கூடாது. கூரான கத்தியில் அது ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்ட சில்லு சில்லாக விழும். உங்கள் போட்டோவில் இருப்பது பாதி தூள், பாதி பிய்ந்த நார். கத்தி வெட்டவில்லை, அடித்துக் கிழிக்கிறது. அப்படிக் கிழிக்கும்போது டீசல் கூடும், பெல்ட் வழுக்கிச் சூடேறும், கிளை உள்ளே போகாமல் சிக்கும், சிக்கும்போதெல்லாம், டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டு வரும் பிடிஓ ஷாஃப்டில் உள்ள ஷியர் போல்ட் உடையும்.

அந்த போல்ட் அடிக்கடி உடைகிறது என்று பட்டறையில் கெட்டியான போல்ட் போட்டுக்கொண்டதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மொத்தக் கடிதத்திலும் விலை கூடிய வரி அதுதான். ஷியர் போல்ட் உடைவதற்காகவே செய்யப்பட்டது, வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸ் மாதிரி. இருபது, முப்பது ரூபாய் போல்ட் உடைய மறுத்ததால்தான் 45,000 ரூபாய் கியர் பாக்ஸ் பல் உடைந்தது. கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன அளவில் பத்து போல்ட் வாங்கி டூல் பெட்டியில் வையுங்கள். ஒரே நாளில் இரண்டு உடைந்தால் மூன்றாவதை மாட்டாதீர்கள், கத்தியைக் கழற்றிப் பாருங்கள்.

பேரிங் கதையும் இதேதான். நான்கு கத்தியில் இரண்டுதான் பல் போயிருந்தது என்று அந்த இரண்டை மட்டும் மாற்றியதாகச் சொல்கிறீர்கள். கத்தி மாட்டிச் சுற்றும் டிரம்மில் எதிரெதிரே இருக்கும் கத்திகள் எடையில் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பல தடவை சாணை பிடித்துத் தேய்ந்த கத்தியும் புதுக் கத்தியும் சேர்ந்து சுற்றினால் டிரம் உதறும், அந்த உதறலை பேரிங்தான் வாங்கும். அன்று மிச்சம் பிடித்தது 3,000 ரூபாய், பின்னால் போனது 38,000. சாணை பிடித்தால் நான்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், மாற்றினாலும் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாட்டிய பிறகு அசையாத எதிர்க்கத்திக்கும் சுற்றும் கத்திக்கும் உள்ள இடைவெளியை மெஷின் கையேட்டில் சொன்னபடி வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் புதுக் கத்தியும் பழையது போலவே கிழிக்கும்.

நீங்கள் கவனம் இல்லாத ஆள் என்று சொல்ல வரவில்லை. கையில் காசு இல்லாதபோது யாரும் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள். என் அப்பா மர அறுவை மில்லில் கணக்கு எழுதியவர். அந்தப் பேரேட்டில் தினமும் வரவுக்கு முன்னால் ரம்பத்துக்குச் சாணை பிடித்த கூலி இருக்கும். வேலையே நடக்காத நாளில்கூட ஒரு சிறு தொகையை 'ரம்பம்' என்று எழுதி ஒதுக்கி வைப்பார். முதலாளி திட்டியும் அதை நிறுத்தவில்லை.

சரி, உங்கள் கணக்கைப் போடுவோம். எல்லாம் நீங்கள் எழுதிய விலைகள்தான், நான் தோராயமாக முழு எண்ணாக்கிக்கொள்கிறேன். ஒரு செட் கத்தி 6,000. மண் ஒட்டிய மட்டையும் சேர்ந்து ஓடுவதால் 20 மணி நேரத்துக்கு ஒரு சாணை என்று வைப்போம், ஒரு தடவைக்கு 600. ஆறு சாணையில் கத்தி தீர்ந்துவிடும், புதிதாக மாட்டிய முதல் 20 மணியையும் சேர்த்தால் ஒரு செட் 140 மணி நேரம். சாணைக்கு மணிக்கு 30, கத்திக்கு 43, ஆக 75 என்று வையுங்கள். பெல்ட், பேரிங், எதிர்க்கத்தி, கிரீஸ், கியர் ஆயில், வெல்டிங் எல்லாம் சேர்த்து மணிக்கு ஒரு 50. அப்புறம் மெஷினின் தேய்மானம். இன்னும் 2,000 மணி நேரம் ஓடி, கடைசியில் 50,000 ரூபாய்க்குப் போகும் என்றால் 1,60,000 ரூபாயை 2,000 மணிக்குப் பிரிக்க வேண்டும், மணிக்கு 80. மொத்தம் 205. நாம் 200 என்றே வைத்துக்கொள்வோம். டிராக்டரின் டயரையும் கிளட்சையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

மாதம் 60 மணி நேரத்துக்கு 12,000. ஆக உங்கள் உண்மையான வருமானம் 24,000, 36,000 அல்ல. வீட்டுச் செலவு 18,000க்குள் அடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 6,000 நகையை மீட்க.

இந்த 12,000 எங்கே இருக்க வேண்டும்? தனி சேமிப்புக் கணக்கு ஒன்றில், போனில் பணம் அனுப்பும் ஆப்போடு இணைக்காமல். வேலை முடிந்து காசு கைக்கு வந்த அன்றே, ஓடிய மணியை 200 ஆல் பெருக்கிப் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் போடலாம் என்று விட்டால் போட மாட்டீர்கள். ஸ்மால்கேப் ஃபண்ட் யோசனையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்த ஃபண்ட் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பேரிங் போகிற நாளில் சந்தை இறங்கியிருந்தால் நஷ்டத்தில் விற்று ரிப்பேர் செய்வீர்களா? ஆறு மாதத்துக்குள் தேவைப்படுகிற பணத்துக்கு அங்கே என்ன வேலை? கணக்கில் 60,000 தாண்டினால் கூடுதலை வங்கி வைப்பு நிதியில் போடுங்கள், போதும்.

நகைக்கு வருவோம். 1,05,000க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 1,575, வருடத்துக்கு 18,900. இதை வங்கியிலோ உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ மாற்றி வையுங்கள். ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தில் கிடைத்தால் மாத வட்டி 800 பக்கம் வந்துவிடும். மாதம் 6,000 கட்டினால் ஏறக்குறைய 19 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும், இப்போதைய வட்டியில் 21 மாதம் ஆகும். மொத்தத்தில் 9,000 ரூபாய் அளவுக்கு மிச்சம். மாற்றும்போது மதிப்பீட்டாளர் 'இன்னும் இருபதாயிரம் கூட எடுத்துக்கலாமே' என்பார். எடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் பக்கமும் போகாதீர்கள்.

டீலர் சொல்லும் புது மெஷின்: பழையதை 1,20,000க்கு எடுத்துக்கொண்டால் மீதி 6,30,000. 13 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 14,300 அளவில். புது மெஷினுக்கும் கத்தி தேயும், பெல்ட் தேயும், மணிக்கு 125 என்றால் அது ஒரு 7,500. வீட்டுக்கு அரிசி வாங்கும் முன்பே 22,000 போய்விடும். ஐப்பசி மழையில் தோப்புக்குள் டிராக்டர் இறங்காத மாதமும் தவணை தேதி தள்ளிப் போகாது. எப்போதாவது புதிது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தகுதி உள்ள விவசாயிகளுக்குப் புது இயந்திரங்களுக்கு 40 முதல் 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகுதான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, உங்கள் மனைவி கவலைப்படுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கிய கிளையை மெஷின் ஓடும்போதே கையால் இழுத்ததைப் பார்த்துவிட்டார் என்கிறீர்கள். அவர் பயப்படுவது நியாயம்தான். பிடிஓவை விடுவித்து, டிராக்டரை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டு, டிரம் முழுதாக நிற்கும் வரை காத்திருங்கள். எஞ்சின் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். துண்டும் வேட்டியுமாக அதன் பக்கத்தில் நிற்காதீர்கள். பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமாவில் வருடத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். உங்களுக்கும் இரண்டு ஆட்களுக்கும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். காப்பீடு என்று சொல்லி முதலீட்டையும் கலந்த பாலிசியை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கடைசியாக மாமா. அவரும் உங்களைப் போலத்தான் கணக்குப் போடுகிறார், டீசல் போட்டாயிற்று, செலவு தீர்ந்தது என்று. மாதம் 10 மணி நேரம் ஓட்டுகிறார், அதாவது 2,000 ரூபாய், வருடத்துக்கு 24,000. அவர் தோப்பு மட்டை பல நாள் தரையில் கிடந்து மண் ஒட்டியது, கத்திக்கு அதைவிடக் கேடு இல்லை. அக்கா வீட்டில் மெஷின் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிகிறது. சொல்லவும் வேண்டாம். "மாமா, இனிமே டீசல் நீங்க போடாதீங்க, நானே போட்டு அனுப்பறேன். மணிக்கு 650 மட்டும் குடுங்க, கத்திக்கும் சேர்த்து" என்று கேளுங்கள். டீசல் 450, மெஷினுக்கு 200, உங்களுக்கு லாபம் ஒரு பைசா இல்லை. வெளியாளிடம் 1,500 வாங்குவது அவருக்கும் தெரியும். அக்காவைத் தூது அனுப்பாதீர்கள், நேரில் பேசுங்கள். மட்டையைத் தட்டி மண்ணை உதறிவிட்டுப் போடச் சொல்வதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலையில் டிராக்டர் சாவியை வாங்க அவர் வாசலில் வந்து நின்ற பிறகு இதைப் பேச முடியாது, சனிக்கிழமைக்குள் போய் வந்துவிடுங்கள்.